தண்ணீர் ஊற்றிய அப்பா

விருதுநகர்
புதன்கிழமை

அன்புள்ள மகள் ஜெமிமாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், பெங்களூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இந்த வாரம் தூங்கியிருக்க மாட்டாய் என்பதும் தெரியும். போனில் பேசினால் பாதி வாக்கியத்திலேயே எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது, அதனால் எழுதுகிறேன், முடித்ததும் அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். முதலில் வீட்டுச் செய்தி, பிறகு உன் விஷயம். இங்கே மழை இல்லை. மல்லாங்கிணறு பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லார் வீட்டுத் தூசியும் தெரிகிறது என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லி வருகிறாள்.

இனி உன் விஷயம். அயர்லாந்துக் கல்லூரிக்கு நீ எழுதிய கட்டுரையை, மாதிரிக்குப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிய பொன்மணி, பெயரை மட்டும் மாற்றி அதே கல்லூரிக்கு அனுப்பிவிட்டாள் என்று அம்மா சொன்னாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தவள், இன்று உன்னோடு ஒரே அறையில் இருப்பவள், எடுக்கும்போது கை கூசவில்லையா என்று எனக்கும் வருத்தம்தான். ஒரே கட்டுரை இரண்டு பெயரில் வந்ததால், அது யாருடையது என்று நீங்கள் இருவரும் கல்லூரிக்குச் சனிக்கிழமைக்குள் எழுத வேண்டும், இரண்டு அப்பாக்களிடமும் போனில் கேட்பார்கள், தெளியாவிட்டால் இருவருக்குமே இடம் கிடையாது. கட்டுரையில் வரும் கம்பெனித் தீயை அணைத்தது நான்தான் என்று மட்டும் அப்பா சொன்னால் போதும் என்று நீ அழுதாயாம். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

உன் கட்டுரையை நீ காட்டவில்லை, கேட்க எனக்கும் கூச்சம். நீ போன் செய்ததற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. பொன்மணியின் அப்பா தனுஷ்கோடி காலண்டர் ஏஜென்சிக்காரர் அல்லவா, அதைத் தமிழில் எழுதவைத்து, பளபளக்கும் தாளில் நாலு கலரில் தன் படத்தோடு அச்சடித்து, இன்னும் சீட் கிடைக்காத மகளுக்குச் சிவகாசியில் மண்டபம் பிடித்துப் பாராட்டு விழாவும் வைத்துவிட்டார். மரியாதைக்கு நானும் போனேன். மேடையில் ஒருவர் வாசித்தார். பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்தபோது தந்தை பூட்டிய கதவை உடைத்து உள்ளே பாய்ந்தாராம், வெடிமருந்தின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாராம், இரண்டு பெண்களைத் தோளில் சுமந்து வந்தாராம். எல்லாரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். விஸ்வநத்தம் கம்பெனி, ஆபீஸில் வருகைப் பதிவு எழுதுகிற தந்தை என்று வந்த பிறகுதான் அது நான் என்று புரிந்தது, அதற்குள் கைதட்டி முடித்திருந்தேன்.

தனுஷ்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். காலண்டர் கொடுக்கக்கூட கம்பெனி கேட்டைத் தாண்டாமல் காவலாளி கையில் திணித்துவிட்டுத் திரும்புகிறவர். "எம் மக எழுதித்தான்யா எனக்கே தெரியுது, நான் எம்புட்டுப் பெரிய ஆளுன்னு" என்றார். தூக்கி வந்தது இரண்டு பேரை அல்ல நாலு பேரை, பிள்ளை அடக்கமாக எழுதிவிட்டது என்றும் திருத்தினார். என் பக்கத்தில், அந்தக் கம்பெனியில் மருந்து கலக்கிய சண்முகத்தாய் இருந்தார். "ஏன் சார், மருந்துல தண்ணிய ஊத்துனா அணையவா செய்யும்? இன்னும்ல பொங்கும். ஊத்துன மனுசன் முழுசா நின்னு மைக்குல பேசுறாகளே!" என்றார். பின்வரிசைக் கம்பெனிப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். "கதவப் பூட்டிக்கிட்டு எவ மருந்து கலப்பா?" என்று ஒருத்தி. பிறகு சண்முகத்தாய் என் பக்கம் திரும்பி, "மணிய அடிச்சிட்டு, ஓடுங்க ஓடுங்கன்னு எங்களுக்கு முன்னால ஓடுனது நீங்கதான சார்? நீங்க விட்டுட்டு ஓடுன செருப்ப நான்ல எடுத்தாந்தேன்" என்றார்.

பட்டாசு ஊரில் பிறந்த இரண்டு பட்டதாரிகள், மருந்துத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எழுதியவளுக்கும் தெரியவில்லை, எடுத்தவளுக்கும் தெரியவில்லை. உங்களைக் கம்பெனிப் பக்கமே விடாமல் வளர்த்ததில் எங்களுக்கு எவ்வளவு பெருமை! நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது நடந்தது அது. நான் மணியடித்தேன், ஓடினேன், எல்லாரும் ஓடினார்கள், கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தேன், எல்லாரும் இருந்தார்கள். "ஒங்க பேர வாசிக்கலையே சார்" என்று சண்முகத்தாய்தான் நினைவுபடுத்தினார். மருந்து கலக்கும் அறை தனியாக எரிந்து தீர்ந்தது. யாரும் சாகாததால் அது கதையாகவில்லை, உனக்கும் போதவில்லை போலிருக்கிறது.

ஆகவே போன் வந்தால், அணைத்தேன் என்று என்னால் சொல்ல முடியாது அம்மா. சொன்னாலும் என் குரல் காட்டிக்கொடுக்கும். தனுஷ்கோடி கணீரென்று சொல்வார், அதற்குள் எட்டுப் பேரைத் தூக்கியிருப்பார். அவர்கள் கேட்பதற்கு முன் நீயே எழுதிவிடு. கட்டுரை என்னுடையது, அவள் கேட்காமல் எடுத்தாள், தீயை அணைத்தது என் கற்பனை, நடந்தது இதுதான் என்று எழுது. இடம் போனாலும் போகலாம், அதை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்தேன், இப்போதும் நிச்சயமில்லை. பொன்மணியிடம் கத்த வேண்டாம், பரவாயில்லை என்றும் சொல்லிவிடாதே, பரவாயில்லாத காரியம் அல்ல. முகத்தைப் பார்த்து ஏன் என்று கேள். தண்ணீர் ஊற்றிய அந்த அப்பாவை மட்டும் அவளே வைத்துக்கொள்ளட்டும், தனுஷ்கோடிக்கும் பிடித்துப்போய்விட்டது. ஓடிப்போன அப்பாவை நீ எழுது, அவரை யாரும் திருட மாட்டார்கள்.

நீ எந்த முடிவு எடுத்தாலும் ஆண்டவர் உன் கை நடுங்காமல் பார்த்துக்கொள்ளட்டும், எங்கள் ஜெபம் உன்னோடு இருக்கிறது. படுக்கும் முன் கேஸை மூடு. அறையில் எப்போதாவது தீப்பிடித்தால் லேப்டாப்பை எடுக்க நிற்காதே, பொன்மணியையும் எழுப்பிக்கொண்டு வெளியே ஓடு, செருப்பைத் தேடாதே.

உன் அன்பு அப்பா,
நேசகுமார்