முதல் வாக்கியம்

ஜூன் 8

டாக்டர்களை நடுங்கவைக்கும் என் வீட்டுக்காரிக்கு,

நலம். துணைவேந்தர் நாற்காலி பெரியது. சாய்ந்து உட்கார்ந்தால் எனக்குக் கால் தரையில் படவில்லை. நான் எது சொன்னாலும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் வாய் புளித்துப்போய்விட்டது. அதற்காகவாவது நீ வர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் புதன்கிழமை வகுப்பு நடக்கிறதா? என் ஆராய்ச்சியை உன் தலையில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த டாக்டர் பையன்களிடம் மறக்காமல் சொல்: துக்கச் செய்தியை உட்கார்ந்து சொல்ல வேண்டும், முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும், சொன்னதும் எழுந்து ஓடக் கூடாது.

வீட்டில் ஆறு அறைகள். நான் ஒன்றில்தான் இருக்கிறேன். டிசம்பரில் வந்துவிடு.

உன்,
ஐயா (இங்கே எல்லோருக்கும் நான் அதுதான்)

ஜூன் 19

ஐயா அவர்களுக்கு,

வகுப்பு நடக்கிறது. வழக்கம்போல பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவாக நடிப்பது நான்தான். நேற்று ஒரு புது டாக்டர் என் முன்னால் உட்கார்ந்து, "அம்மா, எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம், இருந்தாலும்..." என்று இழுத்தான். "தம்பி, எம்புள்ள இருக்கானா இல்லையா, அத மொதல்ல சொல்லு" என்றேன். அவனுக்கு வேர்த்துவிட்டது, பாவம்.

நடிப்புதான். இருந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தா கண்முன் வந்துவிடுகிறது. நம் பையன் போன அன்று அந்த டாக்டர், "பாத்துக்கிட்டிருக்கோம், நீங்க போய் ஏதாவது சாப்பிட்டு வாங்க" என்றார். அதற்கு முன்பே அவன் போய்விட்டான். நாமும் நம்பி கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டோம். அந்தச் சாப்பாடு எனக்கு இன்னும் செரிக்கவில்லை. இனி எந்தப் பெற்றோருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதானே நீங்கள் இந்த ஆராய்ச்சியையே ஆரம்பித்தீர்கள்.

டிசம்பரில் வருகிறேன். பாத்திரங்களை ஒழிக்க ஆரம்பித்துவிட்டேன். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

உங்கள்,
புதன்கிழமை அம்மா

செப்டம்பர் 3

அன்புள்ள உனக்கு,

இங்கே விடாத மழை. தோட்டத்தில் தண்ணீர் நிற்கிறது. சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். உன் அலமாரிக்கு இடம் ஒதுக்கியாயிற்று.

விடுதிச் சுவர் இடிந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய். ஒரு மாணவன் இறந்துவிட்டான். அவன் அப்பாவுக்கு நான்தான் போன் செய்தேன். பக்கத்தில் பதிவாளரும் வக்கீலும் நின்றார்கள். எங்கள் அறிக்கை தயாராகும்வரை செய்தி வெளியே போகக் கூடாது என்றார்கள். அதனால், "பையனுக்கு அடிபட்டிருக்கு, வைத்தியம் நடக்குது, கெளம்பி வாங்க" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அவ்வளவு தூரம் எப்படிப் பயணம் செய்திருப்பார்? ஆனால் அவர் ஒரு தலையணையோடு வந்து நின்றார். பையனுக்குத் தன் தலையணை இல்லாமல் தூக்கம் வராதாம். "எந்த வார்டுங்க?" என்று கேட்டார். விஷயத்தைப் பதிவாளர்தான் சொன்னார். எனக்கு அப்போது ஒரு கூட்டம் இருந்தது.

தலையணை என் அறை வாசல் பெஞ்சிலேயே கிடக்கிறது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

நீ சீக்கிரம் வந்தால் தேவலை.

உன்

செப்டம்பர் 15

உங்களுக்கு,

நான் உங்களோடு வாழ வரப்போவதில்லை.

நின்றுகொண்டு படித்தால் உட்காருங்கள். கோபத்தில் எழுதவில்லை, ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சுவர் இடிந்ததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அப்பா வழியெல்லாம் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பார். அவரைக் கேன்டீனுக்கு அனுப்பியது நீங்கள். உங்கள் கடிதத்தில்கூட மழையும் குழாயும் வந்த பிறகுதான் அந்தப் பையன் இறந்தான்.

எத்தனையோ புதன்கிழமைகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நம் பையன் இறந்த செய்தியை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றதால் தாங்கினேன். இனி உங்களைப் பார்த்தால் அந்த வராந்தா டாக்டரின் முகம்தான் எனக்குத் தெரியும். அந்த முகத்தோடு ஒரு வீட்டில் என்னால் இருக்க முடியாது.

தலையணையை நீங்களே எடுத்துக்கொண்டுபோய் அந்த அப்பாவிடம் கொடுங்கள். உட்கார்ந்து பேசுங்கள். அவர் எழுந்திருக்கச் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்.

சொன்னதும் ஓடிவிடக் கூடாது என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். கடிதத்தில் கூடவே உட்கார்ந்திருக்க வழியில்லை. அது ஒன்றுக்கு மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நம் பையனின் அம்மா