வலப்பக்கம் இழுக்கும் வண்டி

ஆவணி 7, திங்கள்

விடியலில் தூறல். பூ பறித்து முடிப்பதற்குள் விட்டுவிட்டது. மல்லிகை அதிகம் நனையவில்லை.

என் மனைவி பேச்சி இன்றும் டவுன் பஸ்ஸில்தான் பூச்சந்தைக்குப் போனாள். போன வாரம் விழுந்ததிலிருந்து இப்படித்தான். மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே ஆடு வந்தது, ஒடித்துத் திருப்பினேன், முன்சக்கரம் கல்பாலத்துச் சுவரில் முட்டியது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பூ மூட்டை வாய்க்காலில். அங்கேயே சொல்லிவிட்டாள்: "இனி ஒங்க வண்டியில ஏறுனா என்னை ஏன்னு கேளுங்க."

வண்டி தொழுவத்தில் நிற்கிறது. ஹேண்டில் ஒரு பக்கம் பார்க்கிறது, சக்கரம் இன்னொரு பக்கம் பார்க்கிறது.

பஸ்ஸில் கூட்டம். பூ நசுங்குகிறது. போய்ச் சேர்வதற்குள் ஏலம் பாதி முடிந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அதற்குள் இரண்டு வேலை. வண்டியை நேராக்க வேண்டும். பேச்சியைப் பின்னால் உட்கார வைக்க வேண்டும். இரண்டாவதுதான் பெரியது. முடிப்பேன்.

முதியோர் வகுப்பு டீச்சரம்மா தினமும் ஏதாவது எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். எழுத்தெல்லாம் கோட்டின் மேலேயே நிற்கிறது! பேச்சி என்று ஒவ்வொரு முறையும் எழுத நேரமாகிறது. இனி பே.

ஆவணி 8, செவ்வாய்

நல்ல வெயில். வண்டி வேலையில் நானே இறங்கிவிட்டேன்.

வேண்டியவை: ஸ்பானர் இரண்டு. பழைய துணி. மண்ணெண்ணெய் கொஞ்சம். பொறுமை.

முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருப்பு. கன்றுக்குட்டிக்கு மூக்கணாங்கயிறு போடப் பிடிப்பது மாதிரிதான். மூன்றாவது திருப்பில் வந்துவிட்டது. எட்ட நின்று பார்த்தேன். நேர்.

பே. கதவோரம் நின்று பார்த்தாள்.

"ஹேண்டிலு நேராயிருச்சு. ஓட்டுறவரு?"

"ஏறிப் பாரு."

"பஸ்ஸுல எடம் இருக்கு."

தனியாக ஒரு சுற்றுப் போனேன். வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. கரும்புக் காட்டுக்குள் போகப் பார்த்தது. பே.யிடம் சொல்லவில்லை.

மதியம் கம்பங்கூழ். வெங்காயம் நல்ல காரம்.

ஆவணி 9, புதன்

மேகமூட்டம். மெதுவாக ஓட்டி ஆனையூர் போய்ச் சேர்ந்தேன். காதர் பாய் ஒர்க்‌ஷாப். சுவரில் எழுதியிருந்ததை நானே படித்தேன், சத்தமாக: "இங்கு எச்சில் துப்பாதீர்."

காதர் பாய் சிரித்தார். "எழுதி வச்ச நாள்ல இருந்து நீங்கதாண்ணே மொத ஆளு படிச்சிருக்கீங்க."

வண்டியின் முன்னால் குத்தவைத்துப் பார்த்தார். "மேல நேராக்கிட்டீங்க. கீழ ஃபோர்க்கு முறுக்கிக்கிட்டு நிக்குதே."

சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்க்கும் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்தார். கண்ணாடி ஒரு மூலையில் ஆடியது. குழாய்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஆட்டம் நிற்கும்வரை விடவில்லை. பிறகு சக்கரத்தை மாட்டினார். ஹேண்டிலை அமுக்கி அமுக்கி எழுப்பி, குழாய்கள் தம் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் எல்லாவற்றையும் முடுக்கினார். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இருபுறமும் நூல் பிடித்தார். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. அழகு.

ஏறி ஓட்டினேன். வலப்பக்கம் இழுக்கிறது!

அவர் ஓட்டினார். வெறும் நேர். நடுவில் இரண்டு கையையும் விட்டே காட்டினார்.

"வண்டியில ஒண்ணுமில்லண்ணே."

"அப்ப எனக்கு மட்டும் இழுக்குதா?"

"இன்னொருக்கா போங்க. பின்னால நின்னு பாக்குறேன்."

போய்த் திரும்பினேன். இடுப்பில் கை வைத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குண்ணே எடம் விட்டு ஒக்காந்திருக்கீங்க? ஒடம்பு முழுக்க வலது பக்கம் சாயுது."

அப்போதுதான் புரிந்தது. இந்த வண்டி வந்த நாளிலிருந்து, நேற்றைக்கு முன் நான் தனியாக ஓட்டியதே இல்லை. போகும்போதும் பே., வரும்போதும் பே. இடப்பக்கம் கால் போட்டு, மடியில் மூட்டையோடு உட்காருவாள். அந்தப் பாரத்துக்கு ஈடாக நான் வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து, அதுவே உட்காரும் முறை என்றாகிவிட்டது. நேராக உட்கார்ந்து பார்த்தேன். விழுந்துவிடுவேன் போல் இருந்தது.

வீடு வரை வலப்பக்கம் இழுத்துக்கொண்டே வந்தேன். ஆனால் மனசு லேசு.

கை வலிக்கிறது. மீதி நாளை.

ஆவணி 10, வியாழன்

காற்று. பே. சந்தையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டாள். பிறகு:

"அப்ப இம்புட்டு நாளும் வண்டிய நேரா ஓட்டுனது நானு."

"பாதி நீ."

"அந்தக் கல்பாலத்துக்கிட்ட மட்டும் முழுக்க நீங்க."

பிறகு அவளே புண்ணாக்கு மூட்டையை இழுத்து வந்தாள். "மொதல்ல இதை வச்சு ஓட்டுங்க. இது விழுகாம திரும்பி வரட்டும். அப்புறம் பாப்போம்." சீட்டில் இடப்பக்கமாகத் தள்ளி வைத்து அவளே கயிறு கட்டினாள். முடிச்சு இறுக்கம்.

புளியமரம் வரை போய் வந்தேன். மூன்று சுற்று. வண்டி நூல் பிடித்த மாதிரி போகிறது. கல்பாலம் தாண்டியும் போய் வந்தேன்.

அடுத்த காட்டு மாயாண்டி வரப்பில் நின்றுகொண்டு கத்தினான்: "மாமா! அத்தைய மாத்திட்டீங்களா? இது வாயே தொறக்காது போலயே, நல்லதாப் போச்சு!"

பே. விடவில்லை. "அடே மாயாண்டி, ஒம் பொண்டாட்டிய வந்து கேக்கச் சொல்றேன் இரு!"

மூட்டையை அவளே அவிழ்த்தாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் முறுக்கிக்கொள்வாள்.

ஆவணி 11, வெள்ளி

மழை இல்லை. பூ நிறைய. இரண்டு மூட்டை.

இருட்டோடு வண்டியை வாசலில் நிறுத்திக் கிளப்பினேன். பே. ஒரு மூட்டையை முன்னால் டேங்க் மேல் வைத்தாள். இன்னொன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் வரும் திசையையே பார்த்து நின்றாள். நான் ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பாரம் இறங்கியது. ஸ்பிரிங் முனகியது.

கிளம்பினோம். வண்டி நேர்.

கல்பாலம் வந்ததும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். மெதுவாகக் கடந்தேன். தாண்டியும் சட்டையை விடவில்லை.

ஏலம் தொடங்குமுன் சேர்ந்தோம். பூ ஒன்றுகூட நசுங்கவில்லை. சந்தை வாசலில் ஆளுக்கு ஒரு டீ, இரண்டு ஆப்பம்.

திரும்பும்போது ஆனையூர் தாண்டி, இத்தனை நாளும் அவள் போய் வந்த அதே பஸ் முன்னால். பக்கத்து ஊர்ப் பெண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மெதுவாகவே போனேன், அவளுக்காக.

முதுகில் ஒரு குத்து.

"என்ன மாட்டு வண்டியா ஓட்டுறீங்க? அவளுக எல்லாம் பாக்குறாளுக. முந்துங்க!"

முந்தினோம்.