மேலே பார்த்தால் இரண்டு குலை

என் அன்புச் சரசு,

நீ சாமியிடம் போன பிறகு இங்கே ஒன்று நடந்துவிட்டது. பயப்படாதே, கண் போகவில்லை.

பாமாயில் தோட்டத்துச் செம்பனை மரத்தில், நீளக் கம்பு அரிவாளால் மட்டையை வெட்டினேன். அது சுழன்று வந்து வலது கண்ணுக்குக் கீழே அடித்தது. நான் வெட்டும்போது நீ உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டே, "மட்ட சாயுது, தள்ளுங்க" என்பாயே, அந்தக் குரல் இல்லாத வேலை இப்படித்தான் இருக்கிறது. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர் விரலைக் காட்டி மேலே பார்க்கச் சொன்னார். குலை வெட்டுகிறவனுக்கு மேலே பார்ப்பதென்றால் என்ன? பிடரி முதுகில் ஒட்டுமளவு அண்ணாந்தேன். விரல் ஒன்றுதான் தெரிந்தது. வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீக்கம் வற்றியதும் வேலைக்குப் போனேன். உயரமான மரத்தில் ஒரு குலை இரண்டாகத் தெரிந்தது. இல்லாத குலையில் அரிவாளைப் போட்டு இழுத்திருக்கிறேன். ராத்திரி ஊற்றியது இன்னும் இறங்கவில்லையா என்று வேலை வாங்குகிற மண்டோர் கேட்டான். நான் குடியை விட்டது உனக்குத் தெரியாதா?

நம் மகள் மாலினி கூலிம் டவுன் பாக்டரிக்கு லீவு போட்டுவிட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு மலாய்க்கார டாக்டரம்மா. அவரிடமும் அண்ணாந்தேன். சிரித்துவிட்டு என் தாடையைப் பிடித்துக்கொண்டார். தலை அசையாமல் கண்ணை மட்டும் உயர்த்தச் சொன்னார். அப்போது தெரிந்தது இரண்டு விரல். கண்ணுக்கு அடியில் இருக்கிற எலும்பு முட்டை ஓடு போல மெல்லிசாம். அது உடைந்து, கண்ணை அசைக்கிற தசை அந்த வெடிப்பில் மாட்டிக்கொண்டதாம்.

கீழ் இமையின் உட்பக்கம் அறுத்து, தசையை விடுவித்து, ஓட்டையை மெல்லிய டைட்டானியம் தகடு வைத்து மூடினார்கள். வெளியே தழும்பே இல்லை. கொஞ்ச நாளைக்கு மூக்கைச் சிந்தக் கூடாது என்றார்கள். சளி பிடித்தவனுக்கு இது என்ன தண்டனை, நீயே சொல்.

இப்போது நேரே பார்த்தால் ஒன்று, கீழே பார்த்தாலும் ஒன்று. உச்சியில் மட்டும் இன்னும் இரண்டு. போகப் போகச் சேரலாம், சேராமலும் போகலாம். இனி அரிவாளைத் தொட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று காரில் உட்கார்ந்து அழுதேன்.

"வீட்டுல சும்மா இருங்கப்பா, போதும்லா," என்றாள் மாலினி. சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்தது?

மண்டோரிடம் போய் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை கேட்டேன். பொம்பளை வேலை என்று இரண்டு பேர் கேலி செய்தார்கள். செய்யட்டும். உன் இடுப்பு வலி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

இப்போது வெட்டுகிறவர் இந்தோனேசியாவில் லொம்போக்கிலிருந்து வந்த யுஸ்ரி. அவர் மனைவி ஊரில் இருக்கிறாள். அதனால் பொறுக்குகிற கையோடு அவர் வெட்டுகிற மட்டை சாய்வதையும் நான்தான் பார்த்துச் சொல்கிறேன். எனக்கு மட்டை இரண்டாகத் தெரிந்தால் என்ன, சாய்கிற பக்கம் ஒன்றுதானே? நான் கீழே நிற்கிறவரை அவர் முகத்தில் ஒரு மட்டையும் விழாது, சரசு.

உன் வீட்டுக்காரன்,
கோவிந்தன்
லூனாஸ்