தெமெலீனாவுக்கு ஒரு துணி ஆக்டோபஸ்

கலிம்னோஸ்,
தவக்காலம் முதல் வாரம், வியாழன்.

என் கண்ணான மகன் நோமிக்கோசுக்கு, அம்மா செவஸ்தி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம், நீயும் அந்த டார்வின் புழுக்கத்தில் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் நீ “சரிம்மா, சரிம்மா, சிக்னல் போகுது”ன்னு வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சிக்னல் போகாது, அதனால் உட்கார்ந்து படி. வாடைக்காற்று ஒரு வாரமாக விடவில்லை, படகெல்லாம் துறையிலேயே கட்டிக் கிடக்கிறது, கோஸுக்குப் போகிற கப்பலும் வரவில்லை, கடையில் எலுமிச்சம்பழம் கிடையாது. உங்கப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் தவக்காலம் தொடங்கும் சுத்தத் திங்களன்று ஊரோடு சேர்ந்து பட்டம் விடுகிறேன் பேர்வழி என்று பழைய செய்தித்தாளையும் என் நல்ல ரிப்பனையும் ஒட்டி ஒன்று செய்து மாடிக்கு எடுத்துப் போய், அது நேரே போய் பாதிரியார் வீட்டு ஆன்டெனாவில் மாட்டிக்கொண்டது. பாதிரியார் இன்னும் செய்தி பார்க்க முடியாமல் இருக்கிறாராம். ரிப்பன் மட்டும் அங்கே மேலே படபடவென்று ஆடுகிறது, நான் தினமும் அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோயில் கூடத்தில் வழக்கம்போல ஈஸ்டருக்கான தையல் வேலை ஆரம்பித்துவிட்டோம், செவ்வாய், வியாழன் மத்தியானம் பெண்கள் எல்லாரும் கூடுகிறோம். யார் வீட்டிலும் பழைய துணி மிச்சமில்லை, கிழிந்த சட்டை, மேசை விரிப்பு, குழந்தைகளின் சின்னதாகிப்போன கம்பளிச் சட்டை எல்லாம் அங்கே வந்து கோழிக்குஞ்சாகவும் முயலாகவும் மாறுகின்றன. ஈஸ்டருக்குச் சாயம் போடுகிற சிவப்பு முட்டைக்குத் துணித் தொப்பி, கதவில் மாட்டப் பூ வளையம், அப்புறம் முக்கியமாகக் குழந்தைகளின் ஈஸ்டர் மெழுகுவர்த்திகளில் கட்டுகிற பொம்மைகள். ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் வந்து, தங்கள் பிள்ளைக்கு எது பிடிக்குமோ அதைத் தாங்களே தைத்து எடுத்துப் போகிறார்கள், ஊசி பிடிக்கத் தெரியாத ஆம்பிளைகள்கூட விரலைக் குத்திக்கொண்டு, கெட்ட வார்த்தையைக் கோயில் கூடத்தில் சொல்லமுடியாமல் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். போன செவ்வாய் நம் தெமெலீனா அவள் அம்மாவோடு வந்திருந்தாள். ஏழு வயசாகிறது, முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது, ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. எல்லாக் குழந்தைகளும் என் ஞானத்தாய் எனக்குப் படகு தைக்கிறாள், என் ஞானத்தகப்பன் எனக்குக் கழுதை தைக்கிறார் என்று அலட்டிக்கொண்டிருந்தார்கள். பேக்கரிக்காரி இவளிடமும் கேட்டுவிட்டாள், உனக்கு யாரு தர்றாங்கடீ கண்ணு என்று. இவள் பொத்தான் பெட்டியைக் கிளறிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எனக்கு ஞானத்தகப்பன் இல்ல. முன்னாடி இருந்தாரு, கடலுக்குப் போயிட்டாரு”ன்னு சொல்லிவிட்டாள். நம் ஊரில் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். பாதிப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் கையிலிருந்த முயலைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போவதுபோல வெளியே போய்விட்டேன். நோமிக்கோஸ், நீ அந்தக் குழந்தையை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து ஞானத்தகப்பனாகத் தூக்கியபோது உன் சட்டையெல்லாம் எண்ணெய், முகமெல்லாம் சிரிப்பு. அவள் அப்பன் பந்தெலிஸ் தன் அம்மா பேரை வைக்கணும் என்று சொன்னதும் கோயிலே அதிரும்படி அந்தப் பேரைச் சொன்னவன் நீ. உயிரோடு இருக்கிற உன்னை அந்தப் பிள்ளை கடலில் தள்ளிவிட்டாள், எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை, உன்மேல்தான்.

முதல் வருஷம் ஈஸ்டருக்கு நீ அவளுக்கு ஒன்றும் அனுப்பாதபோது, புது ஊர், புது வேலை, இடம் பிடிக்கவே உனக்கு நேரம் போதவில்லை என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். போன வருஷக் கூத்தை நான் உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் நான் லேரோஸில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன் அல்லவா, அந்த நேரம் பார்த்து உங்கப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. பையன் அனுப்பாவிட்டால் என்ன, நான் இருக்கிறேன் என்று, படகுப் பாய் தைக்கிற ஊசியையும் மெழுகு நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு மீன் தைத்திருக்கிறார். நன்றாகத்தான் தைத்தார், புயலுக்கும் பிரியாத தையல், அந்த மீனை வைத்து ஒரு படகையே இழுத்துவிடலாம். அதை வெள்ளை மெழுகுவர்த்தியில் கட்டி, ஆஸ்திரேலியாவிலிருந்து தபாலில் வந்தது என்று பந்தெலிஸ் வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, யாருக்கும் தெரியாமல் பெரிய காரியம் சாதித்தவர்போலக் காபிக்கடைக்குப் போய்விட்டார். தெமெலீனா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். “இது செவஸ்தியம்மா வீட்டுல பாத்திரம் கழுவுற எடத்துக்குக் கீழ தொங்குற திரை. ஆஸ்திரேலியாலேந்து கைய நீட்டியா வெட்டினாரு?” என்று கேட்டாளாம். நான் ஊரிலிருந்து வந்து பார்க்கிறேன், என் நீலக் கட்டம் போட்ட திரையில் மீன் வடிவத்தில் ஓட்டை, உள்ளே குப்பைவாளி எட்டிப் பார்க்கிறது. உங்கப்பாவைக் கேட்டால், “வீட்ல வேற துணி எதுவும் மீன் மாதிரி தெரியலடி”ன்னு சொல்கிறார். சிரிக்கிறாய்தானே, நானும் சிரித்தேன். ஆனால் ஈஸ்டர் ராத்திரி எல்லாக் குழந்தைகளும் பொம்மை கட்டின மெழுகுவர்த்தியில் பாதிரியாரிடம் புது நெருப்பு வாங்கினபோது, அவள் கோயில் வாசல் பெட்டியிலிருந்து எடுத்த மெல்லிசான சாதா மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மீன் மெழுகுவர்த்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மறுநாள் பந்தெலிஸ் நம் வாசலில் நின்று, உள்ளே வராமலே, “அத்தே, அவன் அனுப்பலேன்னா அனுப்பலேன்னு இருக்கட்டும். புள்ளகிட்டப் பொய் மட்டும் வேணாம்”னு சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் அவன் நம் தெரு வழியாக வருவதே இல்லை, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டு வழியாகச் சுற்றிப் போகிறான்.

நீ ஏன் அனுப்பவில்லை என்பது உன்னைப் பெற்ற எனக்குத் தெரியாதா. சோம்பேறித்தனமும் இல்லை, மறதியும் இல்லை. இரண்டு பேரும் ஒரே படகில் தொழில் செய்துவிட்டு, நல்ல சீசன் நடுவில் நீ அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பல் ஏறினாய், அவன் விடிந்ததும் துறையில் நின்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், கயிறு அவிழ்க்க வந்தவன் சொல்லித்தான் நீ போனதே அவனுக்குத் தெரியும். அவன் முகத்தில் முழிக்க உனக்கு வெட்கம். அவன் வீட்டு வாசலுக்கு உன் பேரில் ஒரு பொட்டலம் போனால் அவன் அதைத் தூக்கி எறிவானோ என்று பயம். சரி, வெட்கப்படு, படவேண்டியதுதான். அவன் தூக்கி எறிந்தாலும் எறியட்டும், அது அவன் பாடு. ஆனால் இரண்டு தடித் தாண்டவராயன்களின் ரோஷத்துக்கு நடுவில் அந்தப் பிஞ்சு ஏன் சாதா மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நிற்கணும். இந்த வருஷமும் வரவில்லை என்றால் அவள் உன்னைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுவாள், அப்புறம் நீ தங்கத்தில் செய்து அனுப்பினாலும் அவளுக்கு அது யாரோ அனுப்பினது. அதனால்தான் இந்தப் பொட்டலம்.

உள்ளே எல்லாவற்றையும் வெட்டி வைத்திருக்கிறேன். ஆக்டோபஸ். அவளையே நைசாகக் கேட்டேன், உனக்கு எந்தப் பிராணி பிடிக்கும் என்று, யோசிக்காமல் சொன்னாள், கை நிறைய இருக்கும், ஒரே நேரத்தில் எல்லாரையும் பிடித்துக்கொள்ளலாம் என்றாள். தலைக்கு ஊதா ஃபெல்ட் துணி இரண்டு வட்டம். கால்கள் எட்டும் எட்டு வெவ்வேறு துணி, அதில் உன் பழைய மஞ்சள் சட்டையும் உண்டு, திரைத்துணி எதுவும் இல்லை, பயப்படாதே. ஒவ்வொரு காலையும் நீளவாக்கில் மடித்து ஓரத்தைச் சின்னச் சின்ன ஓட்டுத்தையலாகப் போடு, நூலை ரொம்ப இழுக்காதே, இழுத்தால் கால் சுருண்டுவிடும், கொஞ்சம் சுருண்டாலும் ஆக்டோபஸுக்கு அழகுதான். அப்புறம் இரண்டு வட்டத்துக்கும் நடுவில் கால்களின் நுனியைச் செருகி, ஓரத்தைக் காஜா எடுக்கிற மாதிரி சுற்றித் தை, ஒரு விரல் போகிற இடம் மட்டும் விட்டுவிட்டு அது வழியாக உங்கப்பா கொடுத்த கடற்பஞ்சுத் துண்டுகளை அடை, அப்புறம் மூடு. கண்ணுக்கு இரண்டு பொத்தான், ஒன்று பெரிசு ஒன்று சின்னது, அதுவும் அவள் பெட்டியில் தேர்ந்தெடுத்ததுதான், எதற்கென்று தெரியாமல். பசை போடாதே, சூட்டில் இளகிவிடும். மெழுகுவர்த்தியை அங்கே வாங்காதே. பக்கத்து வீட்டு மிக்கேஸ் அண்ணன் அங்கே வேலையில் இருந்தபோது ஒருதடவை அனுப்பினது இங்கே வந்து சேர்ந்தபோது குடை கைப்பிடி மாதிரி வளைந்திருந்தது. நீ பொம்மையை ரிப்பனோடு அனுப்பு, வெள்ளை மெழுகுவர்த்தி நான் வாங்கி வைக்கிறேன், தீ எட்டாத உயரத்தில் நான் கட்டிக்கொள்கிறேன். தையல் கோணலாக இருந்தால் பிரிக்காதே. கோணலாக இருந்தால்தான் உன் கை என்று நம்புவாள். வலை பின்னத் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை. கடையில் வாங்கி அனுப்பாதே, அங்கே யாராவது பெண்ணிடம் கொடுத்துத் தைத்தும் வாங்காதே, அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடுவாள் என்பது உங்கப்பா விஷயத்திலேயே தெரிந்துவிட்டது.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. மாடிச் சுவரில் ஈரம் இறங்குகிறது, வெயில் வரட்டும் பூசிக்கொள்ளலாம். ஈஸ்டருக்கு மலைமேல் வெடி போடும் பையன்கள் இப்போதே கூடிக் கூடிப் பேசுகிறார்கள், உங்கப்பா தினமும் ஜன்னலில் நின்று அவர்களைத் திட்டுகிறார், அவர் வயசில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். நீ அங்கே தவக்காலத்தில் இறைச்சி சாப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும், சாப்பிடு, கட்டட வேலை செய்கிற உடம்பு, ஆனால் பெரிய வெள்ளியன்று மட்டும் வேண்டாம். சாரம் கட்டி ஏறும்போது கீழே பார்க்காதே.

வெள்ளிக்கிழமை. நேற்றே பொட்டலத்தை ஒட்டியிருப்பேன், கப்பல் வராதது நல்லதாகப் போயிற்று. உங்கப்பா காபிக்கடையில் வாயை மூடிக்கொண்டிருப்பாரா, என் பெண்டாட்டி ஆக்டோபஸ் வெட்டி டார்வினுக்கு அனுப்புகிறாள் என்று எல்லார் காதிலும் போட்டிருக்கிறார். இன்று காலையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கதவு தட்டும் சத்தம். திறந்தால் பந்தெலிஸ். கையில் ஒரு பையில் கணவாய், காற்று கொஞ்சம் அடங்கினதும் போய்ப் பிடித்தானாம், தவக்காலத்துக்கு ஆகும்லன்னு நீட்டினான். உள்ளே வா என்றேன், வரவில்லை, போகவும் இல்லை. தொப்பியைக் கழற்றினான், போட்டுக்கொண்டான். அப்புறம் சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, “மெழுகுவர்த்தியோட செருப்பும் ஞானத்தகப்பன்தானே எடுத்துத் தரணும் அத்தே. அவனுக்கு அளவு தெரியாது. அவன் பாத்த கால் இல்ல இது”ன்னு சொன்னான். பிரித்துப் பார்த்தேன், ஒரு சின்னப் பாதத்தைத் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறது, குதிகால் பக்கம் மட்டும் கோடு விலகி ஓடியிருக்கிறது. ஏன்டா இப்படிக் கோணிப்போச்சு என்றேன். “தூங்கும்போது வரைஞ்சேன், அசைஞ்சுட்டா. அவகிட்ட சொல்லல அத்தே. அவன் அனுப்பலேன்னா... அவளுக்குத் தெரிய வேணாம்”னு சொல்லிவிட்டு, திரும்பி விறுவிறுவென்று நடந்தான், நம் தெரு வழியாகத்தான் போனான்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்பிலேயே கிழிந்துவிடாமல் மெதுவாகப் பிரி. உன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார், நான் வைத்துப் பார்த்தேன், என் கையைவிட நீளமாக இருக்கிறது. வெளியே எறிவானோ என்று நீ பயந்தாயே, அவன் தூங்குகிற குழந்தையின் காலடியில் குந்தி உட்கார்ந்து உனக்காக அளவு எடுத்திருக்கிறான். இதற்கு மேல் உன் அம்மா என்ன எழுதணும்.

கன்னி மரியாள் உன்னைக் கண்ணிமைபோலக் காக்கட்டும், நீ தொட்ட வேலை துலங்கட்டும், உன் கையும் காலும் சுகமாக இருக்கட்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் ஒரு புது ஊசியையும் சேர்த்து அனுப்புகிறார், பாய் தைக்கிற ஊசி, தேவைப்படாது, இருந்தாலும் வாங்கிக்கொள். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்குள் வந்துவிட வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள். செருப்பு வாங்கும்போது ஒரு விரற்கடை இடம் விட்டு வாங்கு, வளர்கிற கால். நான் பிராணி கேட்டதும், தூக்கத்தில் அப்பன் கால் அளவெடுத்ததும் நீ அனுப்பத்தான் என்பதே அவளுக்குத் தெரியாது மகனே. தெரியாமலே போகும்படி விட்டுவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா செவஸ்தி