படப்பிடிப்புக்காக நிறுத்தப்பட்ட கதவு

அனுப்புநர்:
எம். ஆர். றம்லத்,
இல. 14/7, மரக்காலை வத்தை, கண்டி.

பெறுநர்:
பராமரிப்புப் பகுதிப் பொறுப்பதிகாரி அவர்கள், கண்டி.

விடயம்: பெண்கள் பொது மலசலகூடக் கதவைத் திரும்பப் பெறல்

மதிப்புக்குரிய ஐயா,

1. எமது வத்தைக் குடியிருப்பில் நெருக்கமாகப் பதினொரு வீடுகள். பெண்களுக்கு மலசலகூடம் ஒன்றுதான். அதன் கதவு சென்ற வருட மழையில் உக்கி விழுந்தது. தங்கள் ஊழியர்கள் அளவெடுத்துப் போய், புதுக்கதவு கொண்டுவந்தார்கள்.

2. அதே வாரம், ஏழைகளின் வாழ்வை உள்ளபடி காட்டும் படம் எடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. கதவில்லாத மலசலகூடம் கதைக்கு மிகவும் பொருந்துவதாக நெறியாளர் சொன்னார். படப்பிடிப்பு முடியும்வரை இங்கு திருத்தவேலை செய்யலாகாது எனத் தாங்கள் கடிதம் வழங்கினீர்கள். புதுக்கதவு வந்த லொறியிலேயே திரும்பியது.

3. படத்தின் கதை என்னுடையது: இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து மகளை வளர்க்கும் பெண். நானே நடிக்கட்டுமா என்று கேட்டேன். முஸ்லிம் பெண் என்றால் படம் வேறு விடயமாகிவிடும் என்றும், ஏழையாகத் தெரியும் அளவுக்கு நான் கறுப்பில்லை என்றும் மரியாதையாக விளக்கினார்கள். வந்த நடிகை என்னிலும் வெள்ளை. தினமும் ஒரு மணித்தியாலம் அவருக்குக் கறுப்புப் பூசினார்கள்.

4. என் மகள் மின்ஹாவுக்குப் பதின்மூன்று வயது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். “உம்மா, படம் முடிஞ்ச பொறகாவது கதவு போடுவாங்களா?” என்று கேட்டாள். போடுவார்கள் என்றேன். படம் முடிந்தது. அவள் சிறுநீர்த் தொற்றுடன் நான்கு நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

5. முதற்காட்சிக்கு எங்களையும் அழைத்தார்கள். கதவில்லாத காட்சியில் தாங்கள் கண்ணைத் துடைத்ததைப் பின்வரிசையிலிருந்து கண்டேன். மறுநாளே நம்பிக்கையுடன் தங்கள் அலுவலகம் வந்தேன். படப்பிடிப்பு முடிந்ததாக எழுத்தில் அறிவித்தல் கிடைக்கவில்லை, ஆகவே கடிதம் இன்னும் அமுலில் உள்ளது என்று உத்தியோகத்தர் சொன்னார்.

6. சென்ற வெள்ளிக்கிழமை நாங்களே பலகை தேடிக் கதவு பொருத்தினோம். மின்ஹா அன்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். நேற்று தங்கள் ஊழியர்கள் வந்து, அனுமதியற்ற மாற்றம் என்று அதைக் கழற்றிக் கொண்டுபோனார்கள்.

ஆகவே, அக்கடிதத்தை இரத்துச் செய்து, எமது கதவைத் திருப்பித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பதில் வரும்வரை பிள்ளையால் பொறுக்க முடியாதாகையால், இன்று காலை வேறொரு கதவு பொருத்தியுள்ளோம். அதையும் கழற்ற வருவதாயின், தயவுசெய்து முதலில் தட்டச் சொல்லவும். உள்ளே ஆள் இருக்கும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) எம். ஆர். றம்லத்

கண்டி
14.08.2024