அப்பாவின் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தார்

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு. பாதியிலேயே போனைக் கையில் எடுத்துவிடாதே. உன் குணம் எனக்குத் தெரியும்.

நினைவு நாள் நேற்று நடந்தது. இத்தனை வருஷமும் கலவரம், கெட்ட காலம் என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தவர்கள், முதல் தடவையாக மைக்கில் இனப்படுகொலை என்று வாய்விட்டுச் சொன்னார்கள். நகரசபைத் தலைவிதான் சொன்னார். நம் ஜனங்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இதைக் கேட்க நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் இருந்தது.

கடைவீதியில் வண்டிகளை நிறுத்திவிட்டு, உயிர் போனவர்களுக்கு ஆளுக்கொரு காலி நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து வந்தவை. தையல்காரர் வீட்டு முக்காலி இருந்தது, ஒரு குழந்தையின் குட்டி நாற்காலியும் இருந்தது. நான் அப்பாவின் சலூன் நாற்காலியையே வைத்தேன். அப்பாவைக் கொன்ற அன்றிலிருந்து பின்னறையில் துணி போர்த்திக் கிடந்ததை வெளியே தூக்குவதற்குள் என் இடுப்பு போய்விட்டது. பலகை மட்டும் இல்லை. சின்னப் பிள்ளைகள் வந்தால் அப்பா கைப்பிடிகளுக்குக் குறுக்கே போடுவாரே, அதை நீதான் ஊரைவிட்டுப் போனபோது போர்வைக்குள் சுற்றிக்கொண்டு போய்விட்டாய்.

நாற்காலியை வைக்க நீ ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாய். யாரும் அதில் உட்காரக் கூடாது. அன்று உயிர் தப்ப ஓடிவந்து அப்பா தட்டத் தட்டக் கடை ஷட்டரைத் திறக்காதவர்கள் இருக்கிற ஊர், அவர்கள் அந்த நாற்காலியைத் தொட்டால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றாய். நானும் சரி என்றேன்.

அக்கா, ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம். திரும்பி வந்தால் வெளியூர்க்காரர் ஒருவர், நல்ல வயசானவர், கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார். தொண்டர் பெண்கள் எழுந்திருங்க ஐயா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தூக்கி எறிந்திருப்பேன். பின்னால் போய் நின்றேன். என் நிழல் மேலே பட்டதும், கடைக்கு வருகிறவர்கள் செய்கிற மாதிரியே தாடையைக் கொஞ்சம் தூக்கினார். கழுத்துப் பக்கம் பார்த்து வெட்டுங்க தம்பி, தழும்பு இருக்கு என்றார். சலூன் நாற்காலியைப் பார்த்ததும் வீதியிலேயே யாரோ கடை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

பார்த்தேன். காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்வரைக்கும் போகிறது. எப்போது விழுந்த வெட்டு என்று நான் கேட்கவில்லை.

கோபம் எங்கே போனதோ, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கை தானாகவே அவர் கழுத்தில் சுற்றிவிட்டது. தொழில் புத்தி, என்ன செய்ய? கத்தரியும் சீப்பும் எடுத்துவரச் சொல்லி என் வீட்டுக்காரிக்குக் கண்ணைக் காட்டினேன். பைத்தியமா உனக்கு என்கிற மாதிரி பார்த்துவிட்டுத்தான் போனாள். அத்தனை காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்று முடி வெட்டினேன். யாரும் தடுக்கவில்லை.

பாதியில் சுற்றுமுற்றும் பார்த்தவர், இது யாருடைய நாற்காலி என்று கேட்டார். சொன்னேன். பதறிப்போய் எழுந்தார். தோளை அமுக்கி உட்காரவைத்து, அரைகுறைத் தலையோடு போனால் எங்கப்பா பேர்தான் கெடும் என்றேன். சிரித்தார், அப்புறம் அழுதார். மனைவியையும் இரண்டு மகள்களையும் பறிகொடுத்தவர். வீடு எரிந்து ஒரு சாமான்கூட மிஞ்சவில்லை, வைக்க நாற்காலி இல்லாமல் வெறுங்கையோடு வந்தேன் என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த துணிக்கடைக்காரர் உள்ளே போனார். ஆமாம், அன்று ஷட்டரைத் திறக்காத அதே துணிக்கடைக்காரர்தான். மூன்று நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். கைக்குட்டையால் தூசியைத் துடைத்தார். கூட்டம் கலைகிறவரை வெயிலிலேயே நின்றார். அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. அவருக்காக உன்னிடம் பரிந்து பேசவும் மாட்டேன். ஆனால் அந்த மூன்று நாற்காலிகளுக்கு மனசார நன்றி சொன்னேன்.

இன்னொன்று. நாற்காலியைத் திருப்பினபோது அந்தக் கிறீச் சத்தம் வந்தது. எண்ணெய் போடணும், எண்ணெய் போடணும் என்று அப்பா தினமும் சொல்லிவிட்டுப் போடாமலே விட்டாரே, அதே சத்தம். மறந்தே போயிருந்தேன். உட்கார்ந்த அந்த மனுஷன் நல்லா இருக்கணும், அவரால்தான் அது திரும்பக் கிடைத்தது.

உனக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற முடியவில்லை. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு, தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன். நாற்காலியைப் பின்னறைக்குத் திருப்பி அனுப்பவில்லை. கடையில் கண்ணாடிக்கு முன்னால் போட்டிருக்கிறேன். எண்ணெய் போடவில்லை.

நீயும் அத்தானும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கணும். உன் பேரனுக்கு முடி காதை மூடிவிட்டது, போட்டோவில் பார்த்தேன். அங்கே யாரையும் வெட்டவிடாதே. அவனையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பலகையையும் எடுத்துக்கொண்டு வா, அக்கா.

உன் பேச்சைக் கேட்காத
தம்பி