இடப்பக்கத்து இரண்டு வாஷர்

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் தூறல். பேங்கில் நல்ல கூட்டம். உடம்பு கவுண்டரில், மனசு வீட்டில் நான் செய்துகொண்டிருக்கும் ரிமோட் விமானத்தில்.

மாலை முழுக்க இன்ஜின் பொருத்தும் வேலை. தம்பி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. சாத்துக்குடி அளவுதான், கனம் அதிகம். விமானத்தின் மூக்குப் பலகையில் நான்கு துளை, நான்கு போல்ட். இடப்பக்கத்து இரண்டுக்கும் பின்னால் ஆளுக்கொரு வாஷர். அதனால் இன்ஜின் இம்மியளவு வலப்பக்கம் பார்க்கிறது. பார்க்கத்தான் வேண்டும். விசிறி சுற்றும் வேகத்தில் விமானம் இடப்பக்கம் இழுக்கும், அதற்கு ஈடு இது. கல்லூரியில் படித்தது, மறக்கவில்லை. கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன், வேறு யார் மெச்சுவார்கள்?

டாங்க் குழாய், த்ராட்டில் கம்பி சரி. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இவர்தான் ஓடிப்போய் அணைத்தார்.

அக்டோபர் 9, வியாழன்

நல்ல வெயில். பேங்கிலிருந்து நேராக விஜயநகர் தாண்டி மைதானம். விமானத்தைக் கட்டிவைத்து இன்ஜினை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். விசிறியை இரண்டாம் முறை தட்டியதுமே பிடித்துக்கொண்டது. புடவையெல்லாம் எரிபொருளில் கலந்த ஆமணக்கெண்ணெயின் புகை. எனக்குப் பிடித்த வாசனை.

நாகராஜ் சார் வழக்கம்போல் கையை நீட்டினார். எங்கள் விமான கிளப்பில் மூத்தவர். "முதல் ஃபிளைட் ரிஸ்க் மேடம். ரிமோட் கொடி, நானு ஹாரிஸ்தீனி." கொடுங்கள், நான் பறக்கவிடுகிறேன் என்று கன்னடத்தில் சொல்கிறார். சேர்ந்த நாளிலிருந்து இதே பாட்டு. மேலே போனபிறகு என்னிடம் தருவார். தரையிலிருந்து நானே கிளப்பியது ஒருமுறைகூட இல்லை.

இந்தத் தடவை முடியாது சார் என்றேன்.

"சரி. விஜயதசமி அன்னிக்கு நீங்களே ஏத்துங்க. சரியா வரல்லேன்னா அப்புறம் எப்பவும் நான்தான். ஓகேயா?"

ஓகே என்றேன். பயம் துளிகூட இல்லை. சரி, துளி இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி. ஆயுத பூஜை

சுண்டல், பாயசம், வடை. பூசணிக்காய் மறந்துபோய், இவர் மார்க்கெட்டுக்கு ஓட்டம்.

நஞ்சன்கூடு ஃபாக்டரியில் ஃபிட்டர் ஆயிற்றே, ஆயுத பூஜை என்றால் வீட்டில் ஒரு திருகாணி இவரிடம் தப்பாது. நான் அடுப்படியில் இருக்கும்போதே ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மிஷின், விமானம் எல்லாவற்றையும் துடைத்து, முடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். இன்ஜின் மண்டையில் அழகாக ஒரு பொட்டு.

பூஜையில் வைத்ததை நாளை காலை வரை தொடக்கூடாது. கை துறுதுறுவென்றது. தொடவில்லை.

அக்டோபர் 11, சனி. விஜயதசமி

காற்றே இல்லை. தசரா யானை ஊர்வலம், ஜம்பு சவாரி பார்க்க ஊரே அரண்மனைப் பக்கம். நாங்கள் ஸ்கூட்டரில் எதிர்ப்பக்கம், மடியில் விமானம்.

ஓடியது, எழும்பியது. எழும்பியதுமே இடப்பக்கம் வெட்டி இழுத்தது, நேரே வேலிக்கு. வாலை வலப்பக்கம் திருப்பினேன், இன்னும் திருப்பினேன், போதவில்லை. த்ராட்டிலைக் குறைத்து ராகி வயலில் இறக்கிவிட்டேன். விசிறி முறிந்தது. மற்றதெல்லாம் பத்திரம்.

நாகராஜ் சார் பக்கத்தில் வந்தார். ரிமோட்டுக்குக் கையை மட்டும் நீட்டினார்.

குனிந்து பார்த்தால் இன்ஜின் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது.

"ஏங்க, இதுல ரெண்டு வாஷர் இருந்துச்சே?"

"எடுத்துட்டேன் சுமதி. கோணலா மாட்டியிருந்தே. சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு நானே நேராக்கிட்டேன்."

கிளப்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். அப்புறம் விளக்கினேன். "வேணும்னே யாராவது கோணலா மாட்டுவாங்களா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்கிறார். ஃபாக்டரியில் வருஷக்கணக்காக மோட்டார்களை நேராக்கியே பழகிய மனுஷர். கோபம் போகவில்லை, ஆனால் பாவமாகவும் இருந்தது.

நாகராஜ் சாரிடம் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டேன். யோசித்து, "நாளைக்கு. அதோட சரி" என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

உதிரி விசிறி மாட்டினேன். வாஷர்கள் ஸ்கூட்டர் டூல் பெட்டியில் பத்திரமாக இருந்தன. இவரே கேட்டு வாங்கி, இவரே போட்டார். முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி. மூலைமட்டம் வைத்து அளந்து, "இவ்ளோ கோணல் போதுமா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

மைதானத்தில் லேசான காற்று. நாகராஜ் சார் என் பக்கத்திலேயே, கை தயாராக. த்ராட்டிலை மெதுவாகத் தள்ளினேன். ஓடியது, எழும்பியது, வேலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நேரா போகுது சுமதி! நேரா போகுது!" என்று கத்திக்கொண்டே இவர் விமானத்துக்குக் கீழே ஓடுகிறார். கழன்ற செருப்பை எடுக்கக்கூட நிற்கவில்லை.

நாகராஜ் சார் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "இறக்கறதாவது நான் இறக்கட்டுமா மேடம்?" என்றார்.

டாங்க் காலியாகப்போகும் வரை சுற்றவிட்டு, நானே இறக்கினேன்.